வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? எங்கே அறுகிறது என்று முதலில் பாருங்கள்

ஒரேயடியாக வராத வைஃபையைச் சரிசெய்வது எளிது. எதையாவது மாற்றியதும் வந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். பத்து நிமிடம் நன்றாக ஓடி, வீடியோ அழைப்பின் நடுவில் ஒரு நிமிடம் காணாமல் போய், பிறகு தானாகவே திரும்பி வருகிற இணைப்புதான் ஆளைப் படுத்தும். ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், வந்துவிடுகிறது. அணைத்துப் போட்டதால் வந்ததா, சும்மா விட்டிருந்தாலும் வந்திருக்குமா என்று சொல்ல முடியாது. மறுநாள் திரும்பவும் அதே தொல்லை.

அப்படி விட்டுவிட்டு வரும் இணைப்பை வீட்டுக் கணினியில் எப்படிச் சரிசெய்வது என்று இங்கே சொல்கிறேன். கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களும் செய்து பார்க்கலாம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வரிசையைக் கலைக்காதீர்கள். பலர் முதல் வேலையாக டிரைவரை (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளை) அழிப்பதும், ரவுட்டரை மாற்றுவதும், இணைய நிறுவனத்திடம் சண்டை போடுவதுமாகப் பல நாட்களை வீணாக்குகிறார்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அது தெரிந்துவிட்டால் செய்ய வேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் எதையும் மாற்ற வேண்டாம்

அடுத்த முறை இணைப்பு போகும்போது கை ரவுட்டரின் சுவிட்சுக்குப் போகட்டும் என்று விடாதீர்கள். அணைத்துப் போட்டால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்ற தடயமும் சேர்ந்து போய்விடும். ஒரு தாளை எடுத்து நேரத்தைக் குறியுங்கள். கணினி எந்த இடத்தில் இருந்தது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்றும் எழுதுங்கள். கணினியில் வைஃபை சின்னம் மாறியதா, சின்னம் முழுதாக இருந்தும் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லையா என்று பாருங்கள்.

அதே நேரத்தில் கைப்பேசியிலும் வைஃபை போனதா என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். இதைப் பார்ப்பதற்கு முன் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வைஃபை போனதும் கைப்பேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். "போனில் நன்றாகத்தானே வருகிறது, கணினியில்தான் கோளாறு" என்று நாமும் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம்.

இரண்டு ஜன்னல் சோதனை

உங்கள் கணினியிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியை இரண்டு துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் காற்று வழியாகப் போவது முதல் துண்டு. ரவுட்டரிலிருந்து வெளியே கேபிள் வழியாக இணைய நிறுவனத்துக்குப் போவது இரண்டாவது துண்டு. வைஃபை என்ற பெயர் முதல் துண்டுக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் இரண்டாவது துண்டு அறுந்தாலும் நாம் "வைஃபை போச்சு" என்றுதான் சொல்கிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எந்தத் துண்டு அறுகிறது என்று கண்டுபிடிக்க எல்லாக் கணினியிலும் ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் பிங் (ping). ஒரு முகவரிக்குச் சிறிய செய்தி ஒன்றை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலையும், மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலையும் திறக்க வேண்டும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

முதலில் ரவுட்டரின் முகவரி வேண்டும். விண்டோஸில் ஐபி, கான்ஃபிக் என்ற இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக (ipconfig) தட்டி என்டர் அழுத்தினால், டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் அது இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அதே பட்டியலில் உங்கள் கணினியின் முகவரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் கணினிக்கு முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சின்னத்தில் இணைப்பு இருப்பதுபோலத் தெரிந்தாலும் அந்த முகவரியோடு இணையத்துக்குப் போக முடியாது.

இப்போது இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்றில் பிங் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ரவுட்டர் முகவரியைக் கொடுங்கள். மற்றொன்றில் அதேபோல 8.8.8.8 என்று கொடுங்கள். இது, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற சேவைக்காகக் கூகுள் பொதுவில் வைத்திருக்கும் முகவரி, அநேகமாக எப்போதும் பதில் சொல்லும். விண்டோஸ் நான்கு முறை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திவிடும். அதனால் கடைசியில் ஓர் இடம் விட்டு, சிறு கோடு ஒன்றும் டி (t) என்ற எழுத்தும் சேருங்கள். அப்போது நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் இது தேவையில்லை. நிறுத்த கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். மொத்தம் எத்தனை போயின, எத்தனை தொலைந்தன என்ற கணக்கு அப்போது வரும்.

இரண்டையும் ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இணைப்பு போகும் நேரத்தில் திரும்பிப் பாருங்கள்.

இரண்டு ஜன்னலிலும் பதில் நின்றுபோனால், அல்லது ரவுட்டர் ஜன்னலில் 2, 3 என்று வந்துகொண்டிருந்த மில்லி விநாடி திடீரென்று 300, 900 என்று எகிறினால், காற்று வழித் துண்டில்தான் கோளாறு.

ரவுட்டர் ஜன்னல் அமைதியாக 2, 3, 2 என்று ஓடிக்கொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் வைஃபை மேல் பழி இல்லை. ரவுட்டருக்கு வெளியேதான் பார்க்க வேண்டும்.

இரண்டும் நன்றாக ஓடியும் பக்கங்கள் திறக்கவில்லையென்றால், டிஎன்எஸ்ஸையோ, இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன்னையோ, பிரவுசரையோ சந்தேகிக்கலாம். விபிஎன் இருந்தால் அணைத்துப் பாருங்கள். டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

நான்காவதாக ஒன்று உண்டு. ரவுட்டர் ஜன்னல் சீராக இருக்கும், 8.8.8.8 பதில் நிற்காது, ஆனால் 20 மில்லி விநாடியில் வந்தது 500, 800 என்று ஏறும். வீட்டில் யாரோ பெரிய கோப்பை மேலேற்றுகிறார்கள், அல்லது கைப்பேசி ஒன்று புகைப்படங்களை கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெளியே போகும் வழி நிரம்பிவிட்டதால் மற்றவை வரிசையில் காத்திருக்கின்றன. அந்தப் பதிவேற்றத்தை நிறுத்திப் பாருங்கள், உடனே இறங்கும். ரவுட்டரில் எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் க்யூஓஎஸ் (QoS) என்ற அமைப்பு இருந்தால், அதில் பதிவேற்ற வேகத்தை உங்கள் உண்மையான வேகத்தை விடச் சற்றுக் குறைத்து வைப்பது நல்ல பலன் தரும்.

சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஆரம்பத்திலிருந்தே ஒரு பதிலும் வரவில்லையென்றால் அது கோளாறு அல்ல. ரவுட்டரோடு கேபிளில் இணைந்த வேறொரு கருவியின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்.

காற்று வழியில் கோளாறு என்றால்

சிக்னல் எவ்வளவு வருகிறது என்று எண்ணில் பாருங்கள். சின்னத்தில் காட்டும் கோடுகளை நம்ப வேண்டாம். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தட்டினால் ஆர்எஸ்எஸ்ஐ என்று ஓர் எண் வரும். விண்டோஸ்காரர்கள் கைப்பேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலியை நிறுவிக்கொண்டு, கணினி இருக்கும் இடத்திலேயே கைப்பேசியை வைத்து அளக்கலாம். எண் டிபிஎம் கணக்கில், கழித்தல் குறியோடு இருக்கும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. −50 அருமை. −67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். −75க்குக் கீழே போனால் விட்டுவிட்டுத்தான் வரும். ஒவ்வொரு 10 இறக்கத்துக்கும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே −50க்கும் −80க்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

எண் மோசமாக இருந்தால் ரவுட்டரின் இடத்தைப் பாருங்கள். தரையில், அலமாரிக்குள், தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்திருந்தால் வெளியே எடுத்து, இடுப்புக்கு மேல் உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். கம்பி போட்ட கான்கிரீட் சுவர், உலோக பீரோ, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவை அலையை நன்றாகத் தடுக்கும். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மதர்போர்டில் வைஃபை இருந்தால் தங்க நிறத்தில் இரண்டு சிறிய திருகு முனைகள் இருக்கும். அதில் ஆன்டெனா மாட்டியிருக்கிறதா? மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியிலேயே ஆன்டெனாவை விட்டுவிட்டு வருடக்கணக்கில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் ஆன்டெனா இல்லாமலும் கொஞ்சம் சிக்னல் வரும், அதனால் சந்தேகமே வராது. மாட்டியிருந்தாலும் அது உலோகப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியிருக்கும். கம்பி வைத்த ஆன்டெனாவாக இருந்தால் மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள்.

யுஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் வைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எந்த நேரத்தில் போகும் என்று சொல்ல முடியாதபடி என் இணைப்பு வாரக்கணக்கில் அறுந்துகொண்டே இருந்தது. நேரத்தைக் குறித்து வைத்த தாளைப் பார்த்தபோதுதான், வெளி ஹார்டு டிஸ்கில் கோப்புகளைப் படியெடுக்கும் நேரங்களில் மட்டும் போகிறது என்று புரிந்தது. யுஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் வேலை செய்யும்போது, வைஃபை பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அடாப்டரை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் மாட்டி டிஸ்கிலிருந்து தள்ளி வைத்தேன், அன்றோடு தீர்ந்தது.

அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் வேலை செய்கின்றன. உணவைச் சூடாக்கும் நேரத்தில் மட்டும் பிங் எகிறினால் காரணம் தெரிந்துவிட்டது. தப்பிக்கும் வழி, வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸ். இன்றைய ரவுட்டர்களும் கணினிகளும் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் வேகமும் அதிகம், நெரிசலும் குறைவு. ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரே அறை, அல்லது ஒரு சுவர் தள்ளி என்றால் தயங்காமல் 5க்குப் போங்கள். இரண்டு மூன்று சுவர் தாண்டி இருந்தால் 2.4தான் நிலைத்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், கணினி எதில் இருப்பது என்று முடிவெடுக்காமல் அங்குமிங்கும் தாவும். அந்தத் தாவலே சில விநாடி அறுப்பாக உங்களுக்குத் தெரியலாம். ரவுட்டர் அமைப்புகளில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, கணினியை ஒன்றில் மட்டும் இணைத்துப் பாருங்கள். மற்றதை மறக்கச் சொல்லிவிடுங்கள்.

2.4லேயே இருக்க வேண்டிய நிலை என்றால் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் ரவுட்டர் பயன்படுத்தும் சிறு பிரிவைப் பாருங்கள். சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு வைஃபைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றை ஒன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டும்தான். அனலைசரில் பார்த்துவிட்டு "3 காலியாக இருக்கிறதே" என்று அங்கே போய் உட்காராதீர்கள். 1, 6 இரண்டின் இரைச்சலும் அங்கே சேர்ந்து விழும். அதை விட, 6ஐ அக்கம்பக்கத்து ரவுட்டரோடு பகிர்ந்துகொள்வது நல்லது. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றன் பேச்சு முடியும்வரை மற்றது காத்திருந்து முறைபோட்டுப் பேசிக்கொள்ளும். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். வேகம் சற்றுக் குறையும், நிலைத்தன்மை கூடும்.

5 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு வினோதம் உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. அங்கே ரேடார் தென்பட்டால் ரவுட்டர் உடனே சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. அத்தகைய இன்னொரு சேனலுக்குப் போனால் பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி காத்திருந்து கேட்க வேண்டும். உங்கள் குறிப்புத் தாளில், 5இல் இருந்த எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் ஒரு நிமிடம் போய்த் திரும்பியதாகத் தெரிந்தால், ரவுட்டரில் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 36 முதல் 48க்குள் ஒன்றாக வையுங்கள்.

உங்கள் கணினி மட்டும் அறுகிறது என்றால்

கைப்பேசியில் ஒழுங்காக வந்து, கணினியில் மட்டும் போகிறது, சிக்னல் எண்ணும் நன்றாகவே இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் மின்சேமிப்பு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உங்கள் வைஃபை அடாப்டரைத் தேடி, அதன் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியைக் கணினி அணைக்கலாம் என்று ஒரு குறி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். சில புதிய மடிக்கணினிகளில் இந்தப் பகுதியே இருக்காது, அப்படியானால் விட்டுவிடலாம். கணினி தூங்கி எழுந்த பிறகு மட்டும் வைஃபை வராமல் அடம்பிடித்தால் இதுவே முதல் சந்தேகம்.

அப்புறம் டிரைவர். விண்டோஸ் புதுப்பித்த பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், அதே ப்ராப்பர்ட்டீஸில் ரோல் பேக் டிரைவர் பொத்தானால் பழையதுக்குத் திரும்பலாம். நீண்ட நாள் தொல்லையாக இருந்தால் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: புதிய டிரைவர் கோப்பு கையில் வந்த பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். நீக்கிய பிறகு தேடப் போனால், தேட இணையமே இருக்காது.

இணைப்பு அறுந்த நேரங்களை விண்டோஸே குறித்து வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கங்களில் வயர்லெஸ் நெட்வொர்க் ரிப்போர்ட் என்று தேடினால் அதற்கான கட்டளை கிடைக்கும். கடந்த 3 நாட்களில் எப்போது, என்ன காரணத்தால் அறுந்தது என்று வரைபடமாகக் காட்டும். உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க அருமையான கருவி.

இதெல்லாம் போதாவிட்டால், சேமித்த வைஃபையை மறக்கச் செய்து மறுபடி கடவுச்சொல் கொடுத்து இணையுங்கள். ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 மட்டும் என்று இருந்தால் பழைய அடாப்டர்கள் திணறும். டபிள்யூபிஏ 2உம் 3உம் கலந்த முறைக்கு மாற்றிப் பாருங்கள். கடைசி ஆயுதம் செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட். அது சேமித்த எல்லா வைஃபை கடவுச்சொற்களையும் விபிஎன் அமைப்புகளையும் அழித்துவிடும் என்பதால், முன்னதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால் வேறொரு அடாப்டரை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதில் நன்றாக வந்தால் உங்கள் அடாப்டர் பழுது.

வெளியே கோளாறு என்றால்

இங்குதான் ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு வேலை உண்டு. மின்சாரத்தை எடுத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடாக இருந்தால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஊசியால் குத்தும் சிறிய ரீசெட் துளையை மட்டும் தொடாதீர்கள். அது வேறு சமாச்சாரம். இணைய நிறுவனம் போட்டுக் கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, விட்டுவிட்டு வந்த இணைப்பு ஒரேயடியாகப் போய்விடும்.

பிறகு ஒரு கேபிளால் கணினியை நேரே ரவுட்டரில் மாட்டி, வைஃபையை அணைத்துவிட்டு, 8.8.8.8க்கு பிங் ஓடவிடுங்கள். கேபிளிலும் அதே போல அறுந்தால், நிறுவனத்துக்குச் சொல்ல உங்களிடம் சரியான ஆதாரம் இருக்கிறது. "வைஃபை சரியில்லை" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். "கேபிளில் மாட்டிப் பார்த்தேன், ரவுட்டர் பதில் சொல்கிறது, வெளியே பதில் இல்லை, நேரங்கள் இவை" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். ஃபைபர் இணைப்பில் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு அந்த நேரத்தில் சிவப்பாக எரிந்ததா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை, கண்ணாடி இழை எங்கோ மடங்கியோ தளர்ந்தோ இருக்கிறது.

இடம் மாறாத மேசைக் கணினி என்றால் அந்தக் கேபிளை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் அது போதும். சுவர், சேனல், அடுப்பு எதைப் பற்றியும் அதன்பின் யோசிக்க வேண்டாம்.

எதை மாற்றியிருந்தாலும், சரியாகிவிட்டது என்று பத்து நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள். முன்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டிருந்தது என்றால், அந்த இரண்டு ஜன்னல்களையும் மூடாமல் ஒரு முழு நாள் ஓடவிட்டு, மாலையில் கன்ட்ரோல் சி அழுத்தித் தொலைந்த கணக்கைப் பாருங்கள். நேற்றைய கணக்கை விடக் குறையவில்லையென்றால், செய்த மாற்றத்தைப் பழையபடி திருப்பிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.